எலுவன்குளத்து வெள்ளமும் நினைவக அட்டையும்

புத்தளத்திலிருந்து வடக்கே செல்லும் பழைய மன்னார் வீதி, வண்ணாத்திவில்லைக் கடந்து, எலுவன்குளத்தின் அருகே கலா ஓயாவைச் சந்திக்கிறது. ஏறத்தாழ 148 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆறு, கலாவெவ, இராஜாங்கனை ஆகிய நீர்த்தேக்கங்களின் நீரைச் சுமந்து வந்து, கண்டற் காடுகளின் ஊடாகக் கடலேரியில் கலக்கிறது. ஆற்றுக்கு வடக்கே விரிந்து கிடப்பது வில்பத்து. 1938 இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்ட அந்நிலத்தின் தென்னெல்லை இந்த ஆறே.

வீதி ஆற்றைக் கடக்குமிடத்தில் இருப்பது தாழ்ந்த சப்பாத்துப் பாலம். வறட்சிக் காலத்தில் அதன்மேல் வாகனங்கள் தடையின்றிச் செல்லும். மேற்புறத்தில் பெருமழை பொழிந்து, இராஜாங்கனையின் வான்கதவுகள் திறக்கப்படுமாயின், பாலம் நீரினுள் மறைந்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, இதே ஆற்றின் வெள்ளத்தில் பயணிகள் பஸ் ஒன்று சிக்கியது. அதிலிருந்தோர் ஒரு வீட்டின் கூரைமேல் அடைக்கலம் புகுந்து, பின்னர் மீட்கப்பட்ட செய்தியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இத்தகைய வெள்ளம் வடிந்த பின்னர் எழும் கேள்விகள் சில உள. நீர் எந்நேரத்தில் ஏறத் தொடங்கியது? ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு உயர்ந்தது? உச்சத்தை அடைந்தது எப்பொழுது? அடுத்த முறை எச்சரிக்கை விடுப்பதற்கும், பாலத்தை எவ்வளவு உயரத்திற் கட்டவேண்டும் என்று முடிவு செய்வதற்கும் இவற்றின் விடைகளே ஆதாரம். ஆனால், நள்ளிரவில், கொட்டும் மழையில், வெள்ளம் பாய்ந்துவரும் கரையில் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி ஒரு மனிதரை ஏவுவது தகாது. அங்கே விழித்திருக்கவேண்டியது ஒரு கருவி.

முற்காலத்தில் இதற்கென மிதவையும், கடிகாரத்தால் சுழலும் உருளையும், அதன்மேற் சுற்றிய தாளிற் கோடு வரையும் பேனாவும் கொண்ட கருவிகள் இருந்தன. தாளை மாற்ற ஆள் வேண்டும்; மை உலரும்; தாள் நனையும். இன்று அவ்வேலையைச் செய்யக்கூடியவை, நகத்தளவான இரு பொருள்கள். ஒன்று, மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தி. மற்றது, கைத்தொலைபேசிக்கென்று கடைகளில் மெமரி கார்ட் என்று கேட்டு வாங்கும் நினைவக அட்டை. முன்னது அளக்கிறது, பின்னது நினைவில் வைக்கிறது. இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே இவ்வுரையின் பொருள். பார்வைக்குச் சிறிய இந்தக் கேள்வியில்தான், வெள்ளத்தின் சாட்சியம் நிலைக்குமா, வெள்ளத்தோடு போய்விடுமா என்பது அடங்கியிருக்கிறது.

முதலில் அட்டையின் இயல்பை அறிதல் நலம். மின்சாரம் நின்ற பின்னும் எழுதியதை மறவாத ‘பிளாஷ்’ நினைவகத்தை உருவாக்கியவர் ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா. அந்நினைவகத்தைக் கொண்டு சான்டிஸ்க் நிறுவனம் 1994 இல் ‘கொம்பக்ட் பிளாஷ்’ என்னும் அட்டையை வெளியிட்டது. அதற்கு 50 ஊசிகள். 1997 இல் வந்த எம்.எம்.சி. அட்டைக்கு ஏழே தொடுமுனைகள். 1999 இல் சான்டிஸ்க், மற்சுஷிதா, தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்த எஸ்.டி. அட்டைக்கு ஒன்பது. இன்று எங்கும் காணப்படும் மைக்ரோ எஸ்.டி. அட்டைக்கு எட்டு.

ஐம்பதுக்கும் எட்டுக்கும் உள்ள இந்த வேறுபாடு உருவ வேறுபாடு மாத்திரமன்று. பேசும் முறையின் வேறுபாடும் ஆகும். கணிப்பொறியியலில் பல கம்பிகள் அடுத்தடுத்து ஓடி, ஒரே நேரத்திற் பல துணுக்குகளைச் சுமந்து செல்லும் வழிக்குப் பாட்டை என்று பெயர். பாட்டை என்பது வீதியே. எட்டுக் கம்பியுள்ள பாட்டையில் எட்டுத் துணுக்குகள், அதாவது ஒரு பைட்டு முழுவதும், தோளோடு தோள் சேர்ந்து ஒருங்கே செல்லும். கம்பி ஒன்றேயாயின், அந்த எட்டும் ஒற்றையடிப் பாதையிற் செல்வோர் போல ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லவேண்டும்.

சில நுண்கட்டுப்படுத்திகள் இத்தகைய பாட்டையைத் தம் உடலுக்கு வெளியேயும் நீட்டவல்லன. 1980 இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8051 என்னும் சில்லு இதற்குத் தக்க உதாரணம். அதன் உள்ளே எழுதி அழிக்கத்தக்க தற்காலிக நினைவகம் 128 பைட்டுகளே. ஆயினும் புறப்பாட்டையின் மூலம் 64 கிலோபைட்டு நினைவகத்தை வெளியிற் சேர்த்துக்கொள்ளலாம். முகவரிக்கென்று 16 கம்பிகள். அவற்றுள் கீழ் எட்டும் தரவையும் முறைவைத்துச் சுமக்கும். முகவரியைப் பிடித்துவைக்க ஒரு தாழ்ச்சில்லு. படிப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனிக் கட்டளைக் கம்பிகள். இவ்வாறு அமைத்தால், சில்லின் 32 தொடர்பு ஊசிகளில் 18 பாட்டைக்கே போய்விடும். உணரிகளை இணைக்க எஞ்சுபவை 14.

கொம்பக்ட் பிளாஷ் அட்டையை இப்பாட்டையோடு நேரே இணைத்துவிடலாம். முகவரிக் கம்பிகளும் தரவுக் கம்பிகளும் அதற்கு உண்டு. நுண்கட்டுப்படுத்தியின் கண்ணுக்கு அது தன் நினைவகத்தின் ஒரு மூலை போலவே தோன்றும். அந்த முகவரியில் ஒரு பைட்டை எழுதினால் அது அட்டைக்குச் சென்றுவிடும். புறப்பாட்டை இல்லாத சில்லுக்கும் இவ்வட்டையை இணைக்க முடியாது என்பதில்லை. எட்டுத் தரவுக் கம்பி, மூன்று முகவரிக் கம்பி, படித்தல், எழுதுதல், தெரிவு, மீளமைப்பு என்று 15 ஊசிகளை ஒதுக்கி, அவற்றை நிரல் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, பாட்டையின் நடத்தையைப் பாவனை செய்யலாம். வேகம் குறையும், வேலை நடக்கும்.

எஸ்.டி. அட்டையோ வேறு வகை. முகவரிக் கம்பிகளே அதற்கு இல்லை. ஆகையால், புறப்பாட்டை உள்ள சில்லாயினும் இதனை அப்பாட்டையில் நினைவகம்போல் மாட்டுதல் இயலாது. எஸ்.பி.ஐ. எனப்படும் தொடர்முறை இணைப்பே சிறிய சில்லுகளுக்கு உகந்த வழி. அதற்கு நான்கு கம்பிகள் போதும். ஒன்று துடிப்புக் கம்பி. ஒன்று போகும் கம்பி. ஒன்று வரும் கம்பி. நான்காவது, ‘உன்னைத்தான் அழைக்கிறேன்’ என்று அட்டைக்கு உணர்த்தும் தெரிவுக் கம்பி.

அட்டையை எழுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. மின்சாரம் கொடுத்த பின்பு, தெரிவுக் கம்பியை உயர்த்தி வைத்து, குறைந்தது 74 துடிப்புகள் அனுப்பவேண்டும். வேகம் செக்கனுக்கு 4 இலட்சம் துடிப்பைத் தாண்டலாகாது. அதன்பின் தெரிவுக் கம்பியைத் தாழ்த்தி, பூச்சியக் கட்டளையை அனுப்பினால், அட்டை எஸ்.பி.ஐ. முறைக்கு மாறும். பின்னர், எட்டாம் கட்டளையால் அது புதிய வகையா பழைய வகையா என்று கேட்டறிந்து, ஆயத்தமாகும்வரை மீண்டும் மீண்டும் வினவிக்கொண்டிருத்தல் வேண்டும். ஆயத்தமான பின்பே வேகத்தைக் கூட்டலாம். அட்டை வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கப்படுபவற்றுட் சில, தொடக்க வேகத்தை மிகுத்தமையால் வாய் திறவாதிருந்தவையே.

மின்னழுத்தத்திலும் கருத்து வேண்டும். அட்டை ஏற்பது 2.7 முதல் 3.6 வோல்ற்று வரை. 5 வோல்ற்றில் இயங்கும் சில்லின் கம்பியை அதனோடு நேரே பிணைத்தால் அட்டை பழுதடையக்கூடும். இடையே மட்டம் குறைக்கும் சுற்று வேண்டும். அன்றேல், சில்லையும் 3.3 வோல்ற்றிலேயே இயக்கவேண்டும்.

இனி, எழுதும் முறை. அட்டை ஒன்றிரண்டு பைட்டுகளைக் கொள்வதில்லை. 512 பைட்டுகள் கொண்ட கட்டம் கட்டமாகவே அது பெற்றுக்கொள்ளும். ஆதலால், ஒரு கட்டம் நிறையும்வரை அளவீடுகளைச் சில்லின் தற்காலிக நினைவகத்திற் சேர்த்துவைப்பது வழக்கம். மாணவர்களின் கைகளில் இன்று பெரிதும் புழங்கும் ஏ.டி.மெகா 328 சில்லுக்குப் புறப்பாட்டை இல்லை. தற்காலிக நினைவகம் 2,048 பைட்டு. ஒரு கட்டத்தை அது தாங்கும். மொத்தத்திற் காற்பங்கு அதற்கே போய்விடும்.

எனவே, புறப்பாட்டை வேண்டுமா, வேண்டாவா என்னும் கேள்விக்கு விடை காண, அட்டையைப் பார்ப்பதிற் பயனில்லை. அளக்கப்படும் பொருளையே பார்த்தல் வேண்டும். இரண்டு உதாரணங்களைக் கணக்கிட்டு நோக்கலாம்.

ஆற்றின் நீர்மட்டத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, நேரம், மட்டம், மின்கலத்தின் அழுத்தம் ஆகியவற்றை 32 பைட்டு கொண்ட ஒரு வரியாக எழுதுவதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 144 வரி. ஆண்டுக்கு 52,560 வரி. மொத்தம் 16 இலட்சத்து 81 ஆயிரத்து 920 பைட்டு. இன்று கடைகளிற் கிடைக்கும் மிகச் சிறிய அட்டையிலும் இது ஒரு மூலைக்குக் காணாது. நான்கு கம்பியில், செக்கனுக்கு 40 இலட்சம் துடிப்பு வேகத்தில், ஒரு கட்டத்தை அனுப்ப ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கனே செல்லும். அடுத்த அளவீட்டுக்கோ பத்து நிமிடம் இருக்கிறது. இங்கே அகன்ற பாட்டை வீண்.

இரண்டாவது, ஆற்றுக்கு அப்பாலுள்ள காட்டின் ஒலி. வில்பத்தில் வாழும் சிறுத்தைகளை, அவற்றின் புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் காணத் தானியங்கிக் கமெராக்கள் பயன்பட்டிருக்கின்றன. ஆனால், கமெராவின் முன் வராத உயிர்களும் உண்டு. ஆந்தையின் அலறல், தவளையின் ஓசை, யானையின் பிளிறல் முதலியவற்றைக் கேட்டுப் பதியும் கருவி அவற்றுக்கு வேண்டும். செக்கனுக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு இரண்டு பைட்டு என்றால், ஒவ்வொரு செக்கனும் 96,000 பைட்டுகள் வந்து குவியும். ஒரு மணித்தியாலத்துக்கு 34 கோடியே 56 இலட்சம் பைட்டு. 32 கிகாபைட்டு அட்டை 92 மணித்தியாலத்தில் நிறைந்துவிடும்.

இவ்விடத்தில் அட்டையின் ஒரு குணம் வெளிப்படுகிறது. கட்டத்தைப் பெற்றுக்கொண்டபின், அது தன்னுள்ளே பழையதை அழிக்கவும் இடம் மாற்றவும் நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை வரும் கம்பியைத் தாழ்த்தியே வைத்து, ‘பொறு’ என்று அறிவிக்கும். பெரும்பாலும் இது சிறு பொழுதே. ஆனால், எஸ்.டி. விதிகள் 250 மில்லிசெக்கன் வரை இத்தகைய தாமதத்துக்கு இடமளிக்கின்றன. அந்தக் கால் செக்கனில் காடு வாய் மூடியிருப்பதில்லை. 24,000 பைட்டு ஒலி வந்து சேர்ந்துவிடும். 2,048 பைட்டு மாத்திரம் கொண்ட சில்லினால் அதனைத் தாங்க முடியுமா?

ஆகவேதான், பிரித்தானிய ஆய்வாளர் வடிவமைத்த ‘ஓடியோமொத்’ என்னும் காட்டொலிக் கருவியில், 32 கிலோபைட்டு உள்நினைவகம் உள்ள சில்லுடன், 256 கிலோபைட்டு நினைவகச் சில்லொன்றும் புறத்தே சேர்க்கப்பட்டது. அதன் வடிவமைப்பு 2018 இல் ஆய்விதழில் வெளிவந்தது. எவரும் பார்த்துப் பயன்படுத்தத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டது. வௌவாலின் ஒலியைப் பிடிக்கச் செக்கனுக்கு 3,84,000 மாதிரிகள் எடுக்கவும் அக்கருவியால் இயலும். அவ்வேகத்தில் கால் செக்கனுக்கு 1,92,000 பைட்டு வரும். 32 கிலோபைட்டில் அது அடங்காது. 256 கிலோபைட்டில் அடங்கும். கவனிக்கத்தக்கது யாதெனில், அங்கும் அட்டை தொங்குவது சில தொடர்முறைக் கம்பிகளிலேயே. அகன்ற பாட்டை போடப்பட்டது அட்டைக்காக அன்று. அட்டை பொறுக்கச் சொல்லும்போது காத்திருக்கத் தக்க முற்றம் ஒன்று அமைப்பதற்காக.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. மெதுவாக வரும் செய்திக்கு நான்கு கம்பி போதும். புறப்பாட்டையில்லாத மலிவான சில்லும் போதும். நில்லாது வரும் செய்திக்கு, அட்டையின் தாமதத்தைத் தாங்கும் அளவுக்கு நினைவகம் வேண்டும். உள்ளே இல்லாதபோது அதனைப் பாட்டையிட்டு வெளியிற் சேர்க்கவேண்டும்.

நீர்மட்டக் கருவிக்குப் பாட்டை வேண்டாம் என்றமையால், அதன் அமைப்பு எளிதென்று எண்ணிவிடலாகாது. அதற்குரிய இடர் வேறிடத்தில் இருக்கிறது. 32 பைட்டு வரிகள் 16 சேர்ந்தால்தான் ஒரு கட்டம் நிறையும். அதற்குச் செல்வது 160 நிமிடம். அந்த 160 நிமிடமும் அளவீடுகள் இருப்பது, மின்சாரம் நின்றால் யாவற்றையும் மறந்துவிடும் தற்காலிக நினைவகத்தில். சாதாரண நாளில் இதனால் நட்டமில்லை. வெள்ள நாளிலோ, கருவி நீரில் மூழ்குவதும், கம்பி அறுவதும், மின்கலம் நனைவதும் வெள்ளம் உச்சத்தை நெருங்கும் வேளையில்தான். அப்பொழுது இழக்கப்படும் கடைசி 160 நிமிடமே, ஆண்டு முழுவதும் அக்கருவி அங்கே நின்றதன் பயன். ஆண்டின் மற்றெல்லா வரிகளும் பத்திரமாக இருந்து, வேண்டிய 16 வரிகள் மாத்திரம் இல்லாமற் போகும்.

இதற்கு மாற்று உண்டு. நீர் அமைதியாக இருக்கும்போது, மின்கலத்தைச் சிக்கனம் செய்யும் பொருட்டு, 16 வரி சேர்ந்தபின் எழுதலாம். மட்டம் குறித்த வேகத்துக்கு மேல் ஏறத் தொடங்கினால், நிரல் தன் போக்கை மாற்றிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு வரியை அளந்து, அவ்வப்போதே அட்டையில் எழுதிவிடவேண்டும். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பாதி நிறைந்த கட்டத்தை மீண்டும் மீண்டும் திருத்தி எழுதினால், எழுதும் தறுவாயில் மின்சாரம் நிற்கும்போது புதிய வரியோடு பழைய வரிகளும் கெடக்கூடும். ஆகையால், ஒவ்வொரு வரியையும் புதிய கட்டத்தில் எழுதுதல் நன்று. 32 பைட்டுக்கு 512 பைட்டு இடம் செலவாகிறதே என்று தோன்றலாம். மூன்று நாள் வெள்ளத்துக்கு 4,320 கட்டம். 22 இலட்சத்து 11 ஆயிரத்து 840 பைட்டு. 2 கிகாபைட்டு அட்டையில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சிறிதே மிகை. இடத்தை வீணாக்குவது இங்கே விவேகமாகிறது.

கோப்புமுறையும் கவனத்துக்குரியது. கணிப்பொறியில் திறந்து படிப்பதற்காக, அட்டையின் தொடக்கத்தில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. அது பேரேட்டின் முன்பக்கத்துப் பொருளடக்கம் போன்றது. ஒவ்வொரு முறையும் அதனையும் திருத்தி எழுதினால், திருத்தும் வேளையில் மின்சாரம் நிற்க, பக்கங்கள் யாவும் இருந்தும் பொருளடக்கம் கிழிந்த பேரேடாக அட்டை ஆகிவிடும். ஆகையால், கருவியை நாட்டுவதற்கு முன்பே, வேண்டிய நீளத்துக்கு ஒரே தொடராகக் கோப்பை ஒதுக்கிவைத்து, பின்னர் அட்டவணையைத் தொடாமல், கட்டங்களை வரிசையாக நிரப்பிச் செல்லவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தொடரிலக்கமும் சரிபார்க்கும் எண்ணும் இருந்தால், கெட்ட கட்டம் எது, நல்ல கட்டம் எது என்று பின்னர் பிரித்தறியலாம்.

மின்கலத்தையும் மறத்தலாகாது. உறங்கும் சில்லு மிகச் சொற்ப மின்னோட்டத்தையே உண்ணும். எழுதும் அட்டையோ சில வேளைகளில் 100 மில்லியம்பியர் வரை இழுக்கும். தளர்ந்த மின்கலத்தின் அழுத்தம் அந்நேரத்தில் சரிந்து, எழுத்து நடுவே முறியும். எழுதுமுன் அழுத்தத்தை அளந்து பார்ப்பதும், எழுதி முடிக்கும்வரை தாங்கும் கொள்ளளவி ஒன்றை அட்டையின் அருகே வைப்பதும் இதற்குப் பரிகாரம். கடற்காற்றின் உப்பு தொடுமுனைகளை அரிக்கும் இடமாதலால், பெட்டி காற்றுப் புகாததாயும், உள்ளே ஈரமுறிஞ்சும் பொதி உள்ளதாயும் இருத்தல் வேண்டும். அட்டையை உருவுமுன் எழுத்தை நிறுத்தும் ஒரு பொத்தானும் அவசியம்.

தொலைபேசி அலை மூலம் உடனுக்குடன் அனுப்பிவிட்டால் அட்டை எதற்கு என்று சிலர் கேட்பர். எச்சரிக்கைக்கு அது வேண்டியதே. ஆயினும், சூறாவளியில் முதலில் வீழ்வன கோபுரங்களும் மின்கம்பிகளும் அன்றோ? அனுப்பும் வழி அடைபட்டபோதும் எழுதும் வழி திறந்திருத்தல் வேண்டும். தரவு தாமதித்து வந்தாலும் பயன் தரும் என்பதற்கு இலங்கையிலேயே முன்மாதிரி உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வாளர் 2007 இல் வெளியிட்ட ‘பஸ்நெற்’ என்னும் திட்டத்தில், பொதுப் போக்குவரத்துப் பஸ்களிற் பொருத்திய உணரிகள் வீதியின் நிலையை அளந்து சேமித்துவைக்கும். பஸ் நிலையத்தை அடைந்த பின்பே சேமித்தது கையளிக்கப்படும். எலுவன்குளத்து அட்டையும் அவ்வாறே, வெள்ளம் வடிந்தபின் ஒருவரது சட்டைப் பையில் புத்தளத்துக்குப் பஸ் ஏறலாம்.

புத்தளம் மாவட்டத்துப் பாடசாலைகளிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்க்கு இது எட்டாத வேலை அன்று. ஒரு சில்லு, ஓர் அட்டை, நான்கு கம்பி, ஒரு மின்கலம் என்பவற்றைக் கொண்டு மேசைமேல் இதனை அமைக்கலாம். அமைத்தபின் செய்யவேண்டிய சோதனை ஒன்றே: கருவி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்கலத்தைப் பிடுங்கிவிட்டு, அட்டையை எடுத்து, கடைசி வரி அதில் இருக்கிறதா என்று பார்ப்பது. நூறு முறை பிடுங்கியும், அளந்து முடித்த வரி ஒன்றேனும் தவறாதிருக்குமாயின், அக்கருவியைக் கலா ஓயாக் கரைக்குக் கொண்டுசெல்லலாம். அடுத்த மாரியில் சப்பாத்துப் பாலத்தின்மேல் நீர் ஏறும்போது, கரையில் நின்று பார்ப்பதற்கு எவரும் உயிரைப் பணயம் வைக்கவேண்டியதில்லை.